சாவி யாரிடம் இருக்கும்?

லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில், வாட்டன்-அட்-ஸ்டோன் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் வுட்ஹால் பார்க் என்றொரு மாளிகை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் லெவர்டன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அச்சோவியங்களை வெட்டிச் சுவர் முழுக்க ஒட்டி அலங்கரித்த ஓர் அறை அதன் உள்ளே இருப்பதால் கட்டடக் கலை நூல்களில் அதற்கு ஓர் இடம் உண்டு. 1930களிலிருந்து அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடந்துவருகிறது. பசும்புல் வெளி, பழைய மரங்கள், சீருடைக் குழந்தைகள். புகைப்படத்தில் பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கும்.

அந்த வீட்டைக் கட்டியவர் சர் தாமஸ் ரம்போல்ட். கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து வங்காளத்தில் செல்வம் சேர்த்து, 1778 முதல் 1780 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர். ஊழல் குற்றச்சாட்டுகளின் பேரில் அவர்மீது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவரப்பட்டது. அது முடிவு காணாமல் கைவிடப்பட்டது. ரம்போல்ட் 1791இல் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட்.

பென்ஃபீல்டின் பெயர் தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலும் தெரியாது. 1773இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்தார். 1776இல் லண்டன் உத்தரவுப்படி கவர்னர் பிகட் அதை மன்னர் துளஜாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் கம்பெனியின் சாதாரண ஊழியரான பென்ஃபீல்ட், தான் நவாபுக்குக் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சையின் வருவாயும் வயலில் நிற்கும் பயிரும் தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருப்பதாகவும் கணக்கு நீட்டினார். அவர் கேட்ட தொகை 2 லட்சம் பவுண்டுக்கு மேல். பிகட் ஏற்க மறுத்தார். அந்தத் தகராறின் உச்சத்தில் கவர்னரையே அவருடைய கவுன்சில்காரர்கள் சிறைபிடித்தார்கள். 1777இல் காவலில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார். நவாபின் கடன்களை விசாரணையின்றிச் சீமையின் வருவாயிலிருந்தே அடைப்பது என்று பிற்பாடு லண்டனில் முடிவாயிற்று. 1785இல் எட்மண்ட் பர்க் அதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய நீண்ட உரையின் முக்கிய இலக்கு பென்ஃபீல்ட்தான்.

நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். முதுகலை படிக்க இங்கிலாந்து வந்து, கணினித் துறையில் வேலை பார்த்து, இங்கேயே தங்கிவிட்டவன். வுட்ஹால் பார்க்கின் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது பள்ளியில் வரலாறு படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்போ அதை இடிச்சிடணுமாப்பா?"

கேள்வி அபத்தமானதல்ல. சுவருக்குப் பாவம் உண்டா என்பதைத்தான் அவள் வேறு மாதிரி கேட்கிறாள். என் பதில், கூடாது என்பதுதான். செங்கலுக்கு மனசாட்சி கிடையாது. இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் கிராமத்து மாளிகைகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. வாரிசு வரி கட்ட முடியவில்லை, வேலையாட்கள் கிடைக்கவில்லை, கூரை ஒழுகியது. 1974இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது. இடிந்த வீடுகளில் எத்தனையோ காலனி நாட்டுப் பணத்தில் எழுந்தவை. அவை இடிந்ததால் யாருக்கும் எதுவும் திரும்பி வரவில்லை. ஒரு வீடு வீழ்வதைவிட அதில் குழந்தைகள் படிப்பது மேல். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் அடுத்த படியில் வருகிறது. நல்ல காரியத்துக்குப் பயன்பட்டுவிட்டால் பழைய கணக்கு தீர்ந்துவிடுகிறதா? மாளிகையைப் பள்ளிக்கூடமாக்கிவிட்டோம், ஊருக்குத் திறந்துவிட்டோம் என்று சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி தெரிகிறதே, அதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா?

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23ஆம் அதிகாரம் ஈகை. அடுத்தடுத்து இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே படித்துவிட்டுப் போகிறோம். ஆனால் வள்ளுவர் இரண்டு அதிகாரங்களாக வைத்தார். ஈகை என்பது இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது. அங்கே கொடுக்கும் கை ஒன்று, வாங்கும் கை ஒன்று. கொடுக்கும் வரை பொருள் கொடுப்பவனுடையது. ஒப்புரவு வேறு. அங்கே செல்வத்துக்கு உவமையாக வருவது ஊருணி. ஊருணியிடம் யாரும் கையேந்துவதில்லை. குடத்தை இறக்கி மொண்டுகொண்டு போகிறார்கள். நீர் ஊருடையது என்பதால் நன்றி சொல்ல வேண்டிய ஆளே அங்கே இல்லை.

பழைய மாளிகைகளைப் பள்ளிக்கும் பொதுப் பயனுக்கும் சீரமைப்பவர்கள் எல்லோரும் ஊருணி தோண்டுவதாகத்தான் நினைக்கிறார்கள். பலர் உண்மையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள். பந்தல் நல்லதுதான், தாகம் தீரும். ஆனால் வைத்தவர் நினைத்தால் நாளைக்கு எடுத்துவிடலாம்.

இந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்த இடம் டெவன் மாவட்டத்தில் டோட்னெஸ் ஊருக்கருகே இருக்கும் டார்ட்டிங்டன் ஹால். இரண்டாம் ரிச்சர்ட் மன்னருக்குத் தாய்வழியில் அண்ணன் முறையான ஜான் ஹாலண்ட் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. பின்னர் ஷாம்பர்னௌன் குடும்பத்திடம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து, படிப்படியாகச் சிதைந்தது. பெருங்கூடத்தின் மரக்கூரையை 1813இல் பிரித்துவிட்டார்கள். 1925இல் அதை வாங்கியவர்கள் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்டும் அவர் மனைவி டோரதியும்.

லெனார்ட் நமக்கு முற்றிலும் அந்நியரல்ல. விவசாயம் படித்த அவரைத் தாகூர் வங்காளத்துக்கு அழைத்தார். சாந்திநிகேதனுக்கு அருகே சுருல் கிராமத்தில் இருந்த ஒரு பழைய பெரிய வீட்டில் 1922இல் கிராமப் புனரமைப்பு நிலையம் தொடங்கியது. பின்னாளில் அதுவே ஸ்ரீநிகேதன் ஆயிற்று. அதற்குப் பணம் கொடுத்தவர் டோரதி. அவர் அமெரிக்காவின் விட்னி குடும்பத்து வாரிசு. நியூயார்க் டிராம் வண்டிகளிலும் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்திலும் சேர்ந்த செல்வம். வங்காளக் கிராமத்தில் முளைத்த யோசனை, அமெரிக்கப் பணத்தில், ஆங்கிலேய மாளிகை ஒன்றில் மறுபடி நடப்பட்டது என்று டார்ட்டிங்டனைச் சொல்லலாம்.

கூரையை மீண்டும் எழுப்பும் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் வியர். பழங்கட்டடங்களைக் காப்பதற்காக வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய சங்கத்தின் வழிமுறையில் பயின்றவர். அந்தச் சங்கத்தின் கொள்கை எளிமையானது: பழையதைப் போலப் புதிதாகச் செய்து ஏமாற்றாதே, பழுது பார், ஒட்டு தெரிந்தால் தெரியட்டும். பண்ணையில் வளர்ந்த ஓக் மரங்களைக் கொண்டே 1930களில் பெருங்கூடத்துக்குக் கூரை ஏறியது. அது புதிய கூரை என்பதை அங்கே யாரும் மறைப்பதில்லை.

1926இல் அங்கே பள்ளி தொடங்கியது. அடி கிடையாது, கட்டாயப் பிரார்த்தனை கிடையாது, ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் பிள்ளைகளும் சிக்மண்ட் ஃபிராய்டின் பேரன்களும் அங்கே படித்தார்கள். ஓப்பன் யூனிவர்சிட்டி உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான மைக்கேல் யங் அந்தப் பள்ளியின் மாணவர். பின்னர் கலைக் கல்லூரி வந்தது, கோடைகால இசைப் பள்ளி வந்தது. ஒரு பழைய மாளிகையை வைத்து இவ்வளவு செய்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

ஆனால் 1987இல் பள்ளி மூடப்பட்டது. கலைக் கல்லூரி வேறொரு கல்லூரியுடன் இணைக்கப்பட்டு, 2010இல் அந்த வளாகத்தைவிட்டே போனது. உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது, இயக்கம் நடந்தது, கல்லூரி போய்விட்டது. காரணங்கள் பல, பணமுடை அதில் முக்கியமானது. யாரையும் வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான். அறுபது, எழுபது ஆண்டுகள் சுற்றுவட்டாரத்து மக்கள் அந்தப் புல்வெளியில் நடந்தார்கள், அங்கே நாடகம் பார்த்தார்கள், வேலை செய்தார்கள், தங்கள் இடம் என்று நம்பினார்கள். மூடும் முடிவு வந்தபோது அவர்களுடைய ஒப்புதல் தேவைப்படவில்லை. இடம் அறக்கட்டளையுடையது. ஊற்று ஒரே இடத்திலிருந்து வந்தது. அது வற்றியபோது ஊர் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

என் தொழிலில் இதற்கு இணையான ஒன்றைத் தினமும் பார்க்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் கட்டிக் கொடுப்போம். திறப்பு விழாவுக்குக் கேக் வெட்டுவார்கள். ஆனால் ஒப்படைப்பு என்பது வேறு சமாச்சாரம். நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம், பழுது வந்தால் திருத்தத் தெரிந்தவர் யார், வேண்டாத பகுதியை நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் மாறும்வரை அந்த மென்பொருள் அவர்களுடையது அல்ல. அவர்கள் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். பயன்படுத்துவதும் உடைமையும் ஒன்று என்ற மயக்கம் எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நீடிக்கும். முதல் பெரிய பழுதில் கலையும்.

நம்முடைய ஊர்களுக்கு இந்த ஞானம் புதிதல்ல. ஏரியும் குளமும் ஊருடையது என்பதற்கு அடையாளம் எல்லோரும் அதில் தண்ணீர் எடுத்தார்கள் என்பது மட்டுமல்ல. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு தூர்வார வந்தார் என்பதும்தான். குடிமராமத்து என்ற அந்தச் சொல்லில் 'குடி' முன்னால் நிற்கிறது. அதை அப்படியே பொற்காலமாக்கிவிடவும் கூடாது. மண் சுமந்த சாதிகளில் சிலருக்கு அதே குளத்தில் இறங்கும் உரிமை இருக்கவில்லை. உழைப்பை மட்டும் பகிர்ந்து உரிமையைப் பகிராத ஏற்பாட்டுக்கு ஒப்புரவு என்று பெயர் இல்லை.

இதையெல்லாம் நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கும்பகோணத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் தாத்தா காலத்து வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடத்தில் தேக்குத் தூண்கள், பத்தாயம், கொல்லை வரை நீளும் மிராசு வீடு. பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று சிதறிவிட்டோம். ஓடு சரிந்து மழை உள்ளே இறங்குகிறது. அதைச் சீர்செய்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பள்ளியும் நூலகமும் வைக்கலாம் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் பேச்சு நடக்கிறது. நாட்டு ஓடு எங்கே கிடைக்கும், சுண்ணாம்புப் பூச்சுக்குக் கடுக்காயும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் இருக்கிறாரா என்று உற்சாகமாக விசாரிக்கிறார்கள். முகப்பில் தாத்தா பெயரில் பலகை வைப்பது பற்றி இரண்டு நாள் விவாதம் நடந்தது.

சென்ற முறை ஊருக்குப் போனபோது இந்தத் திட்டத்தை ஊராட்சி மன்ற உறுப்பினர் ஒருவரிடம் சொன்னேன். என் வயதுதான் இருக்கும். அவருடைய தாத்தா எங்கள் வீட்டில் பண்ணையாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்ல விஷயந்தாங்க. சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாறு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தாத்தா அந்த வீட்டின் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. கொல்லைப்புறத்தில் நின்றுதான் கூலி நெல்லை வாங்கினார். பத்தாயத்தை நிரப்பியவர்களுக்குப் பத்தாயத்தைப் பார்க்கும் வாய்ப்புக்கூட இல்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது அதனால்தான். அதன்பிறகும், 1968 டிசம்பரில், கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தச் சம்பவம் எங்கள் ஊரில் நடக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து வீடு ஒன்றைத் திறக்கும்போது இதெல்லாம் வேறு ஊர்க் கதை என்று சொல்ல முடியாது. பென்ஃபீல்ட் உரிமை கொண்டாடிய தஞ்சைப் பயிரை விளைவித்த கைகளும் இந்தக் கொல்லைப்புறத்தில் நின்ற கைகளும் ஒரே மண்ணில் வேலை செய்தவை. வுட்ஹால் பார்க்கைப் பற்றி என் மகளிடம் ஆவேசமாகப் பேசும் நான், இந்த வீட்டைப் பற்றியும் அதே அளவுகோலில்தான் பேசியாக வேண்டும்.

பெரியப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் மனம் நொந்துதான் பேசினார். "நல்லது செய்யறேன்னு வர்றவனைக் கூண்டுல ஏத்தினா, நாளைக்கு எவன்டா வருவான்? வித்துட்டுப் போயிடலாமே. ஃபிளாட் கட்டறவன் ரெடியா இருக்கான்."

இதை லேசில் தள்ளிவிட முடியாது. கொடுக்கும் மனசு அரிதான பொருள். டோரதியின் பணமும் பிடிவாதமும் இல்லாமல் டார்ட்டிங்டன் கூரை எழும்பியிருக்காது. எல்லோருக்கும் சமமான வாக்கு இருக்கும் ஒரு குழு அந்த இடிபாட்டைச் சுற்றி உட்கார்ந்து இருபது வருஷம் சண்டை போட்டிருக்கவும் கூடும். பொதுச் சொத்து என்று பெயர் வைத்துப் பாழாய்ப்போன கட்டடங்களை எந்த ஊரிலும் காட்டலாம். சாவியைக் கைமாற்றுவது ஆபத்தில்லாத காரியம் அல்ல.

இருந்தாலும் பெரியப்பா இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறார் என்று நினைக்கிறேன். குற்றம் வாரிசுக்கு வருவதில்லை. தாத்தா காலத்துப் பண்ணை முறைக்கு 1970களிலும் 80களிலும் பிறந்த பேரன்கள் குற்றவாளிகள் அல்ல. எங்களுக்கு வந்தது சாவி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதற்கு மட்டும்தான் நாங்கள் பொறுப்பு. சாவியைக் கேட்பவர் எங்களைக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த வீட்டில் தன் பேத்தி விருந்தாளியா, உரிமைக்காரியா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார். அது அவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

மாரிஸின் சங்கம் கட்டடத்துக்குச் சொன்னதை வரலாற்றுக்கும் சொல்லலாம் என்பது இங்கேதான் உதவுகிறது. ஒட்டு தெரியட்டும். பிரிட்டனில் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், தன் பொறுப்பில் இருக்கும் 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்பை 2020இல் அறிக்கையாக வெளியிட்டது. பெரும் கூச்சல் எழுந்தது. நம் வீடுகளை அவமானப்படுத்துகிறார்கள் என்றார்கள். ஒரு வீடும் இடியவில்லை. பார்க்க வருபவருக்கு முழுக் கதையும் கிடைத்தது, அவ்வளவே. முகப்பில் தாத்தாவின் பெயர் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொல்லைப்புற வாசலிலும் ஒரு பலகை இருக்க வேண்டும்; யார் அங்கே நின்றார்கள், எதற்காக நின்றார்கள் என்று அதில் இருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் வாசித்துவிட்டு உள்ளே போய்க் கணக்குப் போடட்டும். அப்படிச் செய்தால்தான் அது சீரமைப்பு. கொல்லைப்புறத்தை மறைத்துவிட்டுத் தேக்குத் தூணுக்கு மட்டும் எண்ணெய் பூசினால் அது ஒப்பனை.

கதையைச் சொல்வதோடும் நிற்க முடியாது. பலகையை எழுதிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது படித்தவர்களுக்குப் பிடித்தமான தப்பித்தல். நிர்வாகக் குழுவில் ஊர்க்காரர்கள், குறிப்பாக முன்பு உள்ளே வர முடியாதவர்களின் பிள்ளைகள், எண்ணிக்கையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விற்கவோ மூடவோ அவர்கள் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். நாங்கள் அனுப்பும் பணம் முதல் சில ஆண்டுகளுக்கு. அதற்குள் ஓடு மாற்றவும் பூச்சு வேலை செய்யவும் உள்ளூர்ப் பையன்கள் நான்கு பேர் கற்றுக்கொள்ள வேண்டும். குடும்பக் குழுவுக்கு நான் அனுப்பிய வரைவில் இவைதான் இருக்கின்றன. இருவர் ஆமோதித்திருக்கிறார்கள். பெரியப்பா இன்னும் பதில் போடவில்லை. நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

இந்த இதழை வாசிக்கும் பலருடைய குடும்பத்திலும் எங்கேயோ ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். அடுத்த தலைமுறைக்கு அதில் வாழும் எண்ணம் இருக்காது. விற்கவும் மனசு வராது. பள்ளிக்கூடமாக்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் ஒரு நாள் வரும், வர வேண்டும். அப்போது திறப்பு விழாவுக்கு எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்பதை வைத்து அந்தக் காரியத்தை அளக்காதீர்கள். பத்தாவது ஆண்டு ஐப்பசி மழையில் கூரை ஒழுகும். அன்றைக்கு ஊரில் ஒருவர், வெளிநாட்டுக்குப் போன் போட்டு யாரிடமும் அனுமதி கேட்காமல், ஏணியை எடுத்துச் சார்த்தி மேலே ஏறினால் அந்த வீடு ஊருடையதாகிவிட்டது என்று அர்த்தம்.